அணை மட்டமும் புள்ளிப் பட்டியலும்

தருமபுரி மாவட்டத்து ஏரியூரில் காலை டீக்கடையில் உட்கார்ந்தால் காதில் விழும் முதல் கேள்வி, "மேட்டூர் எத்தன அடி?" என்பதுதான். அணையின் சுவர் இருப்பது சேலம் மாவட்டத்தில். அதன் வால் எங்கள் பக்கம் நாகமரை வரை நீண்டு கிடக்கிறது. நாகமரைத் துறையில் ஏறி அக்கரைப் பண்ணவாடிக்குப் போகிறவர்களுக்கு அடிக்கணக்கு வெறும் செய்தி இல்லை, சேற்றில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்கிற கணக்கு. 120 அடி என்றால் அணை நிறைந்துவிட்டது. மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்குள்ளிருந்து பழைய கோயில் நந்தி தலையைக் காட்டும்.

நான் தினமும் இன்னொரு மட்டத்தையும் பார்க்கிறவன். ஐஎஸ்எல் கால்பந்துப் புள்ளிப் பட்டியல். அதில் சென்னையின் எஃப்சி எந்த இடத்தில் நிற்கிறது என்று. பல வருஷமாகவே நந்தி தெரிகிற மட்டம்தான்.

போன வாரம் அந்த அணியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி, பாலிடெக்னிக் படிக்கிறவன், சட்டையை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏண்ணா, ஜெயிக்கிற டீம் ஒண்ணுகூடவா உங்களுக்குக் கெடைக்கல?"

பெஞ்சில் இருந்த பெரியப்பா ஒருவர் சிரித்தார். எங்கள் பக்கம் கபடி உண்டு, வாலிபால் உண்டு, கிரிக்கெட் கேட்கவே வேண்டாம். கால்பந்து என்றால் பள்ளிக்கூட விளையாட்டு நாளோடு சரி. அதிலும் தோற்கிற கால்பந்து அணிக்கு ஒரு ஆள் என்றால், ஊருக்குள் அது ஒரு வேடிக்கை.

"ரெண்டு டீ சொல்லு, சொல்றேன்" என்றேன்.

அவன் கேட்டதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. இது ஜெயிக்கவே தெரியாத அணி இல்லை. 2014இல் ஐஎஸ்எல் தொடங்கியபோதே உருவான அணி. உரிமையாளர்களில் அபிஷேக் பச்சனும் உண்டு, நம்ம தோனியும் உண்டு. 2015இல் கோப்பை, 2017-18இல் மறுபடியும் கோப்பை. ஏற்றம் இல்லாமல் இறக்கம் மட்டும் இருந்திருந்தால் நானும் என்றைக்கோ சட்டையைத் துவைத்து மடித்துப் பரண்மேல் போட்டிருப்பேன். ஒரு வருஷம் ததும்பும், மறு வருஷம் வறளும். காவிரிக்காரனுக்குப் பழகிய கதைதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'சென்னையின்' என்று வேற்றுமை உருபோடு அந்தரத்தில் தொங்குகிற பெயரைக் கேட்டு முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆறாம் வேற்றுமை என்று எடுத்துக்கொண்டால் சென்னைக்குச் சொந்தமான அணி. பள்ளிக்கூடத்தில் 'இன்' ஐந்தாம் வேற்றுமை உருபு என்றும், அதன் பொருளில் ஒன்று 'நீங்கல்' என்றும் படித்தோம். அந்த நீங்கலுக்குக் கடைசியில் வருகிறேன்.

தம்பிக்கு முதலில் புரிய வேண்டியிருந்தது, பட்டியலில் முதலிடம் வந்தும் கோப்பை ஏன் கிடைக்காமல் போனது என்பது. 2024-25 வரை ஐஎஸ்எல்லில் லீக் ஆட்டங்கள் முடிந்ததும் மேலே இருந்த அணிகள் தனியாக அரையிறுதி, இறுதி என்று மோதின. கோப்பை அங்கேதான். 2014இல் சென்னையின் லீகில் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ். இரண்டு ஆட்டம், ஒன்று கொச்சியில், ஒன்று சென்னையில். இரண்டு ஆட்ட கோல்களையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவர்கள் இறுதிக்கு.

பெஞ்சில் காலி டீ கிளாஸ்கள் கிடந்தன. மூன்றை எடுத்து அவன் பக்கம் வைத்தேன். "இது கொச்சி. மூணு-பூஜ்யம். நாம அவுட்டு."

"அப்புறம்?"

சென்னை ஆட்டம். ஒவ்வொரு கிளாஸாக என் பக்கம் நகர்த்தினேன். ஒன்று, இரண்டு. மூன்றாவதை 90ஆவது நிமிஷத்தில் ஜெஜே லால்பெக்லுவா அடித்தான். இப்போது மூணுக்கு மூணு. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கூடுதல் நேரம் என்பது முப்பது நிமிஷம். அதிலும் தீரவில்லை என்றால் பெனால்டி. 117ஆவது நிமிஷம் வரை தாக்குப்பிடித்தார்கள். அப்போது ஸ்டீபன் பியர்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரன் கேரளாவுக்கு ஒன்று அடித்தான்.

டீக்கடை அண்ணன், பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கழுவி வைத்த கிளாஸ் ஒன்றை எடுத்துத் தம்பி பக்கம் வைத்தார். நாலு-மூணு. மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது.

"அதோட விட்டிருக்கலாமேண்ணா" என்றான் தம்பி. விட்டிருக்கலாம்தான். சென்னையில் அன்று ஜெயித்தது நாம். இறுதிக்குப் போனது அவர்கள். ஜெயித்துவிட்டு வெளியேறுகிற விசித்திரம் ஒருவனைப் பிடித்துக்கொண்டால் விடாது.

அடுத்த வருஷம் நடந்தது நேர் எதிர். பயிற்சியாளர் இத்தாலியின் மார்கோ மட்டராஸி, 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜினதின் ஜிதானிடம் தலையால் முட்டு வாங்கியவர். பாதி சீசன் தாண்டியும் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு கடைசி நாலு லீக் ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு ஏறிவிட்டது. அப்போது பார்த்து 2015 டிசம்பர் வெள்ளம். சென்னையே தண்ணீரில் நிற்கும்போது ஆட்டம் எங்கே ஆடுவது? சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள்.

டிசம்பர் 20 இறுதி, கோவாவில், எஃப்சி கோவாவுக்கு எதிராக. 87ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. 90ஆவது நிமிஷத்தில் அவர்கள் கோல்கீப்பர் கட்டிமணியே பந்தைத் தன் வலைக்குள் தட்டிவிட்டார். 92இல் நம்ம ஸ்டிவன் மெண்டோசா. 3-2. அந்த சீசனில் அவனுக்கு அது 13ஆவது கோல், வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. ஊரே வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்த மாதம் அது. கோப்பை வந்தது பல பேருக்குத் தெரியக்கூட இல்லை.

2018 மார்ச் 17 இறுதியை நான் நேரில் பார்த்தேன். அப்போது பெங்களூருவில் கட்டிட வேலையில் மேஸ்திரிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஒன்றியத்தில் வீட்டுக்கு ஒருவராவது அந்த ஊரில் வேலை பார்த்திருப்பார். சென்னையைவிட எங்களுக்கு அது ஏறக்குறைய பாதித் தூரம். நியாயமாகப் பார்த்தால் நான் பெங்களூரு அணிக்குத்தான் கை தட்டியிருக்க வேண்டும். கண்டீரவா ஸ்டேடியம். அவர்களுக்கும் நீலம், நமக்கும் நீலம், எவன் எந்தக் கட்சி என்று வாயைத் திறந்தால்தான் தெரியும். ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி ஒன்று போட, ஸ்டேடியமே எழுந்து நின்றது. நான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

பிறகு கார்னரிலிருந்து வந்த பந்தைப் பிரேசில்காரன் மைல்சன் ஆல்வெஸ் தலையால் போட்டான். அரைநேரம் முடிகிற தறுவாயில் மறுபடியும் கார்னர், மறுபடியும் அதே தலை. மூன்றாவதை ரஃபேல் அகுஸ்தோ. கடைசியில் பெங்களூருவின் மிக்கு ஒன்று அடித்தும் 3-2. முன்வரிசையில் இருந்த கன்னடக்காரப் பெரியவர் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். கொடுத்தேன்.

அந்த ஜூலையில் மேட்டூரும் 120 அடியைத் தொட்டது. பல வருஷம் கழித்து நிறைந்த அணை. எல்லாம் கூடி வந்த ஆண்டு என்று நினைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் அடுத்த சீசன் தொடங்கியது. அதே கோச் ஜான் கிரிகரி, பெரும்பாலும் அதே ஆட்கள். 18 ஆட்டத்தில் ஜெயித்தது 2, டிரா 3, தோல்வி 13. மொத்தம் 9 புள்ளி, பத்து அணியில் பத்தாவது. ஜெயித்தால் மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று என்று தம்பிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் விரலை மடக்கி எண்ணிவிட்டு, "இது என்னண்ணா, எங்க அரியர் மாதிரி இருக்கு" என்றான்.

ஒரே வருஷத்தில் எப்படி இப்படி ஆகும்? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோற்கிற அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே 'அக்கறையே இல்லை, காசுக்கு ஆடுகிறான்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமான பேச்சாகப் படுகிறது.

முதலில் ஆட்கள். இங்கே வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் குறுகியது. பின்வரிசையைக் கட்டி நிறுத்திய கேப்டன் ஹென்ரிக் செரெனோ அந்த வருஷம் இல்லை. நடுவில் பந்தைப் பிரித்துக் கொடுத்த ரெனே மிஹெலிச்சும் போய்விட்டார். வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ், நடுக்களத்தில் ஓடி ஓடி அடைத்தவன், காயத்தில் வெளியே. நாலு தூண் வீட்டில் மூன்று தூணைக் கழற்றிவிட்டு 'கூரை ஏன் இறங்குகிறது' என்று கேட்கக்கூடாது. முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜெஜே இந்தத் தடவை ஒரே ஒரு லீக் கோல்தான் அடித்தான். மனசில் ஏறுகிற பயம் காலில் தெரியும்.

இரண்டாவது, ஆட்டத்தின் சுபாவம். கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டத்தில் முப்பது, நாற்பது புள்ளி போகிறது. ஒரு ரெய்டில் தவறினால் அடுத்த ரெய்டில் எடுக்கலாம். நல்ல அணியின் பலம் துளித்துளியாகச் சேர்ந்து கடைசியில் பெரும்பாலும் வென்றுவிடும். கால்பந்தில் தொண்ணூறு நிமிஷத்துக்கு மொத்தமே இரண்டு, மூன்று கோல். ஒரு பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனதா, வெளியே போனதா என்பதில் ஒரு வாரத்தின் தூக்கம் தொங்குகிறது. இதனால் நல்ல அணியும் சில வாரம் தோற்றுக்கொண்டே இருக்கலாம். தோற்க ஆரம்பித்தால் அவசரம் வரும், அவசரத்தில் பின்பக்கம் திறக்கும், இன்னும் தோற்கும்.

அதே சுபாவம் மறுபக்கமும் வேலை செய்யும் என்பதுதான் எங்களைப் போன்றவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் பெங்களூரு அணி சென்னைக்கு வந்தது. அவர்கள் பட்டியலின் உச்சியில், நாம் அடியில். ஆட்டம் முடிந்தபோது 2-1, ஜெயித்தது நாம். ஜெஜே அந்த வருஷம் அடித்த அந்த ஒற்றைக் கோல் அன்றைக்குத்தான் விழுந்தது. அடுத்த மாதம் அந்தப் பெங்களூருதான் கோப்பை வாங்கியது. கபடியில் கடைசி இடத்து அணி முதலிடத்து அணியை அடிப்பது அபூர்வம். இங்கே அது ஒரு சனிக்கிழமை மாலையில் நடந்துவிடும், எந்தச் சனிக்கிழமை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அதற்கப்புறமும் கதை இப்படித்தான். 2019-20இல் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி, கிரிகரி விலகினார், ஓவன் காயில் என்கிற கோச் வந்தார். அதே ஆட்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அரையிறுதியில் கோவாவிடம் இரண்டாவது ஆட்டத்தை 4-2 என்று தோற்றும், முதல் ஆட்டத்தின் 4-1 கை கொடுக்க, கூட்டிக் கழித்து 6-5. 2014இல் கேரளா நமக்குச் செய்ததை நாம் கோவாவுக்குச் செய்தோம். இறுதி 2020 மார்ச் 14. கொரோனா வந்து கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஆளில்லாத ஸ்டேடியத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். அதற்கடுத்த இரண்டு சீசன் மொத்த லீகும் கோவாவிலேயே நடந்தது. அதில் ஒன்றில் 20 ஆட்டத்துக்கு 11 டிரா. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பிறகு வந்த வருஷங்களில் எட்டாவது, மறுபடி எட்டாவது, ஒரு தடவை தட்டுத்தடுமாறி ஆறாவது, 2024-25இல் 13 அணியில் 11ஆவது.

"சரிண்ணா, இப்படிக் கீழேயே கெடந்தா லீக்கை விட்டுத் தூக்க மாட்டாங்களா?" என்றான் தம்பி.

நல்ல கேள்வி. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ கடைசி மூன்று அணிகளைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே அடிமட்டத்தில் இருக்கிற ரசிகனுக்கு வயிற்றில் நெருப்பு. ஐஎஸ்எல்லில் 2024-25 வரை அப்படி இறக்கப்பட்ட அணி ஒன்றுகூட இல்லை. கீழிருந்து மேலே வந்தவர்கள் உண்டு, பஞ்சாப், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று. ஆக, அதுவரை கடைசி இடம் வந்தவர்களும் அடுத்த வருஷம் அதே லீகில்தான் ஆடினார்கள். அப்படியானால் எங்களுக்குப் பயமே இல்லையா?

இருக்கிறது. அது வேறு பயம். அதைச் சொல்ல மறுபடியும் 2018-19க்குத்தான் போக வேண்டும்.

சென்னையின் பத்தாவது இடத்தில் கிடந்த அதே சீசனில் இன்னொரு தமிழ்நாட்டு அணி இந்தியாவின் இன்னொரு லீகான ஐ-லீகை வென்றது. பெயர் சென்னை சிட்டி எஃப்சி. பெயரில்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தான். 2019 மார்ச் 9, கடைசி நாள், மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்தார்கள். 43 புள்ளி. ஒரே புள்ளி பின்னால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். எத்தனை பெரிய பெயரை ஓரம் கட்டினார்கள் என்பது கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தின் பாசல் அணி வந்து அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அப்போது என்னை யாராவது எந்த அணிக்குப் போகலாம் என்று கேட்டிருந்தால், கோவைக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பேன். தருமபுரிக்காரனுக்குக் கோவையும் ஒன்றும் அதிக தூரமில்லை.

2020-21க்குப் பிறகு அந்த அணி ஐ-லீகில் இல்லை. ஜெயித்த அணி மறைந்துவிட்டது, தோற்ற அணி ஆடிக்கொண்டிருக்கிறது.

சொன்னேனே, நீங்கல். எங்கள் பயம் அதுதான். லீகில் கடைசியாக வருவதை ரசிகன் தாங்கிக்கொள்வான். திங்கட்கிழமை வேலைத் தளத்தில் நாலு பேர் கிண்டலடிப்பார்கள், டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம். திட்டுவதற்கு அணியே இல்லாமல் போவதை எப்படித் தாங்குவது? ஹைதராபாத் எஃப்சியைப் பாருங்கள். 2022இல் கேரளாவைப் பெனால்டியில் வென்று ஐஎஸ்எல் சாம்பியன். காசுச் சிக்கல் வந்தது, ஆட்கள் போனார்கள், 2023-24இல் 8 புள்ளியோடு கடைசி இடம். 2025இல் அணியே டெல்லிக்குப் போய்ப் பெயரும் மாறிவிட்டது. புனே சிட்டி என்று ஒன்று இருந்தது, 2019இல் மூடியாகிவிட்டது. டிக்கெட் விற்று இங்கே எந்த அணியும் பிழைப்பதில்லை. உரிமையாளர் பையில் கை விடுகிற வரைக்கும்தான் அணி. லண்டனில் விம்பிள்டன் அணியை வேறு ஊருக்கு மாற்ற 2002இல் அனுமதி கொடுத்தபோது, ரசிகர்கள் தாங்களே ஓர் அணியை உண்டாக்கி, திறந்த மைதானத்தில் ஆள் தேர்வு நடத்தி, ஒன்பதாம் படியில் ஆரம்பித்து, 2011இல் தொழில்முறை லீகுக்கே ஏறி வந்துவிட்டார்கள். நமக்கு அந்த வழக்கம் இன்னும் வரவில்லை.

2025 ஜூலையில் மொத்த லீகையும் நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்கவில்லை, அதனால் ஆட்டம் இல்லை. ஆகஸ்டில் சென்னையின் அணியில் சம்பளத்தையே நிறுத்தி வைத்தார்கள். செப்டம்பர் வந்தது, போனது. தீபாவளி வந்தது, போனது. 2026 பிப்ரவரியில்தான் ஒருவழியாக, சுருக்கிய வடிவில், லீக் தொடங்கியது. இடையில் அத்தனை மாதம் எனக்குப் பார்க்கப் பட்டியலே இல்லை. மேட்டூரில் மட்டம் குறைந்தால் கவலைப்படலாம். அளவுகோலையே பிடுங்கிக்கொண்டு போனால்? பதினொன்றாவது இடத்தில் இருந்தபோது நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பெரியப்பா இதுவரை வாயைத் திறக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார்.

"போன வருசம் சிஎஸ்கே கடேசி எடம் வந்துச்சே, அப்ப நாங்க மட்டும் என்ன, மாத்திக்கிட்டமா?" என்றார் தம்பியைப் பார்த்து.

உண்மைதான். ஐபிஎல் 2025இல் சிஎஸ்கே பத்துக்குப் பத்தாவது, அவர்கள் சரித்திரத்தில் முதல் தடவை. மஞ்சள் சட்டையை யாரும் கழற்றவில்லை. தோனிக்குக் கடைசி இடம் பழக்கமானதுதான், நீலத்தில் முன்பே பார்த்திருக்கிறார் என்று நான் சொன்னேன். அதற்குத் தம்பி மட்டும் சிரித்தான்.

நேரில் ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்றான், எப்படிப் போவது என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இந்தப் பக்கத்து ஆட்களுக்கும் சொல்கிறேன். ஏரியூரிலிருந்து பென்னாகரம், அங்கிருந்து தருமபுரி, அப்புறம் மொரப்பூர். மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். இறங்கி ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்தால் பெரியமேடு நேரு ஸ்டேடியம், ஆட்டோ வேண்டியதில்லை. நீலச் சட்டை இல்லையென்றால் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது.